புகையிலை சேர்க்காமல் வெற்றிலை போட்டால் மருந்துதானே?

கேள்வி, 14 ஜனவரி 2025

என் தாத்தா சாப்பிட்டு முடித்ததும் வெற்றிலை போடுவார். புகையிலையைத் தொட்டதே இல்லை. "இது செரிமானத்துக்கு மருந்து, சித்த வைத்தியத்திலேயே இருக்கிறது" என்பார். வீட்டுக்கு வந்திருக்கும் மருமகள் பல் மருத்துவர். அவர் கூடவே கூடாது என்கிறார். பொங்கல் அன்றுகூட இதே சண்டை. யார் சொல்வது சரி? இன்னொன்று, வேறு நாட்டுக்காரர்களும் போடுகிறார்களாமே, அவர்களுக்கும் இது மங்கலப் பொருளா, இல்லை வெறும் மெல்லும் பழக்கமா?

பதில், 14 ஜனவரி, இரவு

என் ஓட்டு தாத்தாவுக்கு.

நான் தாமிரபரணிக் கரைக்காரன். எங்கள் ஆச்சியிடம் ஒரு பித்தளைச் செல்லம் இருந்தது. ஒரு தட்டில் இலை, ஒரு கிண்ணத்தில் சீவல், சுண்ணாம்புக்குத் தனியாக ஒரு சின்னக் கரண்டகம், ஓரத்தில் பாக்குவெட்டி. இலையை எடுத்துத் தொடையில் இரண்டு தேய்ப்பு, காம்பையும் நுனியையும் கிள்ளுவது, முதுகு நரம்பை உரிப்பது, பின்பக்கம் சுண்ணாம்பு தடவுவது, மடிப்பது. ஒரு நாளும் வரிசை மாறாது. பல் போன பிறகு சிற்றுரலில் இடித்துப் போட்டாள். அந்த இடி சத்தம் கேட்டால்தான் எங்களுக்கு மத்தியானம் என்று தெரியும். இடித்ததில் ஒரு துளி எங்களுக்கும் வேண்டும் என்று நிற்போம். "சின்னப் பிள்ளை வெத்தலை போட்டா மாடு முட்டும்" என்று விரட்டுவாள். மாட்டுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டதற்குக் கடைசிவரை பதில் வரவில்லை.

91 வயதுவரை இருந்தாள். ஒருநாள் வயிறு சரியில்லை என்று படுத்தது இல்லை. இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

15 ஜனவரி, காலை

நேற்று எழுதியதில் ஒன்றை விழுங்கிவிட்டேன். ஆச்சி புகையிலையும் போட்டாள். செல்லத்தின் அடித்தட்டில் இருக்கும். அதைச் சொன்னால் என் கட்சி பலவீனமாகும் என்று கை தானாகத் தாண்டிப் போய்விட்டது.

அப்படிப் பார்த்தால் ஆச்சியின் 91 வயது எதற்கும் சான்று இல்லை. புகையிலை நல்லது என்பதற்கும் அதே வயதைக் காட்டலாமே.

15 ஜனவரி, மதியம்

கேள்வியின் இரண்டாம் பாதிக்கு வருகிறேன். ஆமாம், எல்லோருக்கும் மங்கலம். நான் ஈப்போவில் நான்கு வருடம் வேலை பார்த்தேன். அங்கே மலாய்க்காரர்கள் இன்றைக்கு வெற்றிலை மெல்வதைக் காண்பது அரிது. ஆனால் பெண் கேட்டுப் போகும்போது வெற்றிலைத் தட்டு இல்லாமல் போகமாட்டார்கள். 'தெப்பாக் சிரே' என்று ஒரு பெட்டி. அதில் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, காசுக்கட்டி, புகையிலை எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கிண்ணம். 'சிரே' என்றால் வெற்றிலை, 'பினாங்' என்றால் பாக்கு. பெண் கேட்பதற்கு அவர்கள் மொழியில் உள்ள வினைச்சொல்லே 'மெமினாங்', அதாவது பாக்கு வைப்பது. நாம் 'வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தோம்' என்கிறோமே, அதே கதை. அதுமட்டுமா, பினாங்குத் தீவின் பெயரே பாக்குத் தீவுதான். முப்பாட்டன் காலத்திலிருந்து 'பினாங்கு' என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம், அதற்குள் பாக்கு இருப்பது எனக்கு 34 வயதில்தான் தெரிந்தது.

18 ஜனவரி

பல் மருத்துவம் படிக்கும் ஒரு தம்பி கீழே நறுக்கென்று எழுதியிருக்கிறார்: "அண்ணா, இலை வேறு, பாக்கு வேறு. நீங்கள் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறீர்கள்."

கோபம் வந்தது. அப்புறம் தேடிப் படித்தேன். தம்பி சொல்வது சரி.

உலக சுகாதார அமைப்பின் கீழ் ஒரு பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை இருக்கிறது. அது 1985 இல் புகையிலை சேர்த்த வெற்றிலைப் பாக்கைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்றது. புகையிலை சேர்க்காததைப் பற்றி அன்றைக்குத் தீர்ப்புச் சொல்லவில்லை, போதிய சான்று இல்லை என்று விட்டுவிட்டது. உங்கள் தாத்தாவும் என் தலைமுறையும் பிடித்துக்கொண்டிருப்பது அந்த 1985 கதையைத்தான். 2003 இல் மறுபடி உட்கார்ந்து பார்த்து, 2004 இல் அறிக்கை வந்தது. புகையிலை இல்லாத வெற்றிலைப் பாக்கும் முதல் வகுப்பு, அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியானவற்றின் பட்டியல். வெறும் பாக்கும் அதே முதல் வகுப்பு. சிகரெட்டும் அந்த வகுப்பில்தான் இருக்கிறது.

ஆக, கேள்வி கேட்டவருக்கு: மருமகள் பக்கம் என் ஓட்டை மாற்றுகிறேன். தாத்தாவிடம் சொல்ல வேண்டாம்.

18 ஜனவரி, பின்னிரவு

ஓட்டை மாற்றியதற்கு அறிக்கை மட்டும் காரணம் இல்லை. என் சித்தப்பா.

அவர் லாரி ஓட்டியவர். புகையிலை கிடையாது, பீடி கிடையாது, மது கிடையாது. தூக்கம் வராமல் இருக்கப் பாக்குப் பொட்டலம், அந்த இனிப்பு வாசனைப் பாக்கு. ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு. "வெறும் பாக்குதானேப்பா" என்பார். ஐம்பதைத் தாண்டும்போது வாயில் எரிச்சல் தொடங்கியது. குழம்பில் மிளகாய் பட்டால் கண்ணில் தண்ணீர் வரும். ஒரு மருத்துவரிடம் ஒரு வருடம் போனார். வாய்ப்புண் என்று சொல்லிச் சத்து மாத்திரையும் தடவும் களிம்பும் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். அதற்குள் வாய் சுருங்கிவிட்டது. அப்புறம் வேறொரு பல் மருத்துவர் பார்த்தவுடன் கேட்ட முதல் கேள்வி: "பாக்கு போடுவீங்களா?" மூன்று விரலை அடுக்கி வாய்க்குள் விடச் சொன்னார். சித்தப்பாவுக்கு இரண்டு விரல்கூட முழுசாகப் போகவில்லை.

கன்னத்தின் உள்தோலுக்கு அடியில் நார்போல இறுகிப் போகும் நோய் அது. பாக்கை நிறுத்தினாலும் இறுகியது பெரும்பாலும் இளகாது. பின்னால் புற்றாக மாறவும் வாய்ப்பு உண்டு. மருத்துவ உலகில் 1952 இல் இதை முதலில் எழுதி வைத்தது யாரைப் பார்த்து தெரியுமா? கென்யாவில் இருந்த ஐந்து இந்தியப் பெண்களைப் பார்த்து. கடல் தாண்டிப் போனவர்கள் பாக்கையும் கொண்டுபோயிருக்கிறார்கள், கூடவே நோயும் போயிருக்கிறது.

சித்தப்பா இப்போது ரசம் சாதத்தைக் குழையப் பிசைந்து சாப்பிடுகிறார். மிளகு இல்லாத ரசம். அதை ரசம் என்று சொல்லலாமா என்பது வேறு விவாதம்.

26 ஜனவரி

"அப்படியென்றால் பாக்கு மருந்தாக எங்குமே இல்லையா?" என்று ஒருவர் கேட்கிறார். இருந்தது. சீன வைத்தியத்தில் பாக்கு குடல் புழுவுக்கு மருந்து, நாடாப்புழுவுக்குப் பூசணி விதையோடு சேர்த்துக் கொடுப்பார்கள். பாக்கில் உள்ள அரிக்கோலின் என்ற சத்து குடலை உதறவைக்கும். ஆட்டுப் பண்ணை நிறைந்த நியூசிலாந்திலும் டாஸ்மேனியாவிலும் நாய்களின் நாடாப்புழுவை ஒழிக்க இந்த அரிக்கோலினைத்தான் ஊருக்கு ஊர் கொடுத்தார்கள். நம் பந்தியில் மங்கலமாக வைப்பது அங்கே நாய்க்குப் பேதி மருந்து.

அதே அரிக்கோலின்தான் சித்தப்பாவைத் தூங்காமல் வைத்ததும். போட்டதும் காது சூடாகும், நெற்றி வேர்க்கும், ஒரு சுறுசுறுப்பு வரும். சுண்ணாம்பு அந்தச் சத்தைப் பாக்கிலிருந்து வெளியே இழுத்துக் கொடுக்கிறது. எச்சில் சிவப்பதும் பாக்கும் சுண்ணாம்பும் சேர்ந்து செய்யும் வேலை. இலை பச்சையாகத்தான் இருக்கிறது, பாவம். 'நாக்கு நன்றாகச் சிவந்தால் வீட்டுக்காரருக்குப் பிரியம் அதிகம்' என்று ஆச்சி சொன்னது முழுக்க முழுக்கப் பாக்கு வேதியியல்.

2 பிப்ரவரி

மேலே 'காசுக்கட்டி' என்று எழுதியதில் ஒரு திருத்தம். பினாங்கில் இருக்கும் ஒரு தங்கை எழுதுகிறார்: மலாய்த் தட்டில் வைப்பது நம்மூர்க் காசுக்கட்டி அல்ல, 'காம்பிர்'. நம்முடையது செங்கருங்காலி மரத்தின் வைரத்தைக் காய்ச்சி எடுப்பது. காம்பிர் ஒரு கொடியின் இலையை அவித்து எடுப்பது. இரண்டும் துவர்ப்பு, நிறமும் ஏறக்குறைய ஒன்றுதான், மரம் மட்டும் வேறு. சிங்கப்பூரிலும் ஜொகூரிலும் 19 ஆம் நூற்றாண்டில் சீனர்கள் மிளகோடு சேர்த்துக் காம்பிர்த் தோட்டம் போட்டார்கள். அதில் பெரும்பங்கு வாய்க்குப் போகவில்லை, தோல் பதனிடப் போனது.

செங்கருங்காலி என்றதும் மாலை விற்கிறவர்கள் இங்கே வர வேண்டாம்.

9 பிப்ரவரி

வியட்நாம். ஈப்போவுக்குப் பிறகு ஆயத்த ஆடை நிறுவனம் ஒன்றுக்காக ஒன்றரை வருடம் அங்கே இருந்தேன். கூட வேலை செய்த பெண்ணின் கல்யாணத்துக்குக் கூப்பிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் சிவப்புத் துணி மூடிய தட்டுகளோடு வரிசையாக வருகிறார்கள். ஒரு தட்டில் முழுப் பாக்குக் குலை, பச்சையாக, காம்போடு. சுற்றி வெற்றிலை அடுக்கு. நான் ஒரு நிமிடம் ஊரில் நிற்பதாகவே நினைத்துவிட்டேன். நாதஸ்வரம் மட்டும்தான் இல்லை.

அங்கே ஒரு பழமொழி: வெற்றிலைச் சுருள்தான் பேச்சின் தொடக்கம். அதற்கு ஒரு கதையும் உண்டு. தன், லாங் என்று அண்ணன் தம்பி. இருவரும் ஒரே சாயல். அண்ணன் மனைவி ஒருநாள் இருட்டில் தம்பியைக் கணவன் என்று நினைத்துக் கட்டிக்கொள்கிறாள். வெட்கப்பட்டுத் தம்பி வீட்டை விட்டுப் போய், ஓர் ஓடைக்கரையில் அழுது அழுது செத்துச் சுண்ணாம்புப் பாறை ஆகிறான். தேடிப் போன அண்ணன் அதன் பக்கத்திலேயே பாக்கு மரம் ஆகிறான். அவனைத் தேடிப் போனவள் மரத்தைச் சுற்றிய வெற்றிலைக் கொடி ஆகிறாள். பின்னால் அந்த வழியாக வந்த அரசன் மூன்றையும் சேர்த்து மென்று பார்க்கிறான், துப்பினால் ரத்தச் சிவப்பு.

இந்தக் கதையைக் கேட்டதிலிருந்து எனக்கு ஒரு சந்தேகம். மூன்று பேரும் சாகாமல் சேர முடியாத ஒரு சங்கதியைக் கொண்டுபோய்க் கல்யாணத் தட்டில் வைக்கிறார்கள். நாமோ வெற்றிலையைக் கேள்வி கேட்காமல் லட்சுமி என்று சொல்லி முடித்துவிட்டோம். எது நல்ல கதை?

அங்கே சாப்பாட்டிலும் உண்டு. மாட்டிறைச்சிக் கொத்தை வெற்றிலையில் சுருட்டிக் கரி அடுப்பில் வாட்டுவார்கள். தெரு முழுக்க மணக்கும். நான் சாப்பிடுவதில்லை, மணத்துக்காக நின்றிருக்கிறேன்.

10 பிப்ரவரி

தப்பு. அது வெற்றிலை இல்லை.

ஆங்கிலத்தில் மெனு அட்டையில் வெற்றிலை என்று போட்டிருப்பார்கள், நானும் நம்பிவிட்டேன். அது 'லா லோட்' என்ற வேறு இலை. வெற்றிலையின் பங்காளி, தரையில் புதராகப் படரும். தாய்லாந்தில் வறுத்த தேங்காய், இஞ்சி, வேர்க்கடலை, எலுமிச்சைத் துண்டு எல்லாம் வைத்து மடித்து வாயில் போடுவார்களே, அந்த இலையும் இதேதான். பினாங்குத் தங்கை அதற்கு மலாயில் 'கடுக்' என்று பெயர் சொல்கிறார். அவர் இல்லாவிட்டால் இந்தப் பக்கத்தில் பாதி பொய்யாகத்தான் இருக்கும்.

வெற்றிலை, மிளகு, திப்பிலி, கடுக் எல்லாம் ஒரே குடும்பம். மிளகுக்கொடி இலையைப் பார்த்து வெற்றிலை என்று பறித்தவர்கள் உண்டுதானே. நான் பறிக்கவில்லை. என் மச்சான் பறித்தான்.

23 பிப்ரவரி

சரி, இலைக்கு மட்டும் வருவோம். கைமருந்துக் கதைகளாக நிறையப் பேர் எழுதிவிட்டீர்கள். எங்கள் வீட்டு வழக்கம் மூன்று.

ஒன்று, இருமலுக்கு வெற்றிலை, துளசி, ஓமவல்லி, நான்கு மிளகு போட்டுக் கஷாயம். இன்றும் செய்கிறோம். இரண்டு, குழந்தைக்குச் சளி கட்டினால் வெற்றிலையில் எண்ணெய் தடவி விளக்கில் வாட்டி நெஞ்சில் போடுவது. மூன்றாவதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் உங்களில் பாதிப் பேருக்குச் செய்திருப்பார்கள்: குழந்தை வெளிக்கிப் போகாவிட்டால் வெற்றிலைக் காம்பை ஆமணக்கெண்ணெயில் நனைத்துப் பின்பக்கம் வைப்பது.

சித்த வைத்தியர்கள் வெற்றிலைச் சாற்றை அனுபானமாகத் தருவார்கள், அதாவது மருந்தைக் குழைத்து உள்ளே கொண்டுபோகும் வாகனமாக. கேள்வி கேட்டவரின் தாத்தா சொல்லும் 'சித்த வைத்தியத்திலேயே இருக்கிறது' இலையைப் பற்றியதாக இருந்தால் உண்மை. அவர் வாயில் போடுவது இலை மட்டும் இல்லை என்பதுதான் சிக்கல்.

24 பிப்ரவரி

செவிலியர் ஒருவர் என்னைத் திட்டி எழுதியிருக்கிறார். காம்பு வைப்பது குழந்தையின் உள்தோலைக் கிழித்துவிடும், வேண்டாம் என்கிறார். ஏற்றுக்கொள்கிறேன். இன்னொன்றும் ஒப்புக்கொள்கிறேன்: வாட்டிய இலையை நெஞ்சில் போட்டதில் என் மகளுக்கு எட்டு மாதத்தில் ஒரு சூட்டுத் தழும்பு விழுந்தது. என் கையில் தொட்டுப் பார்த்தேன், சூடு இல்லை என்றுதான் போட்டேன். என் கைத்தோலுக்கும் அவள் நெஞ்சுக்கும் உள்ள வித்தியாசம் அப்போது தெரியவில்லை. அடுத்த மாதம் அவளுக்கு 24 வயது, தழும்பு இன்னும் இருக்கிறது. ரவிக்கை தைக்கப் போகும்போதெல்லாம் என்னைப் பார்த்து ஒரு பார்வை.

16 மார்ச்

உலகமெல்லாம் போடுகிறார்கள் என்றேன். ஆனால் ஒரே மாதிரி போடுவதில்லை.

பப்புவா நியூ கினியில் பாக்குக்குப் 'புவாய்' என்று பெயர். பச்சைப் பாக்கைப் பல்லால் உரித்து மெல்வார்கள். சுட்ட பவளத்தையோ சிப்பியையோ பொடித்த சுண்ணாம்பு. வெற்றிலைக்குப் பதில் பெரும்பாலும் அந்தக் கொடியின் காயைச் சுண்ணாம்பில் தொட்டுக் கடிப்பார்கள், அதற்கு 'டாக்கா' என்று பெயர். யோசித்துப் பாருங்கள், 'வெறும் இலை' என்பதால் வெற்றிலை என்று நாம் பெயர் விளக்கம் சொல்கிறோம். நாம் தண்டை ஒடித்து நட்டே வளர்ப்பதால் பூவையும் காயையும் கண்டுகொள்வதே இல்லை. அவர்கள் இலையை விட்டுவிட்டுக் காயைத் தின்கிறார்கள்.

போர்ட் மோர்ஸ்பி நகரில் தெருவெல்லாம் சிவப்புத் துப்பல் என்று 2013 இல் பாக்கு விற்கத் தடை போட்டார்கள். சில வருடத்தில் தளர்த்த வேண்டியதாயிற்று. விற்றுப் பிழைப்பவர்கள் அத்தனை பேர். நம்மூர் பேருந்து நிலையச் சுவர்களை நினைத்துக்கொண்டேன்.

தைவானில் நெடுஞ்சாலை ஓரம் கண்ணாடிக் கூண்டுக்குள் வண்ண விளக்கு போட்டுப் பெண்கள் பாக்கு விற்பார்கள். வாங்குவது பெரும்பாலும் லாரிக்காரர்கள். சித்தப்பாவிடம் சொன்னேன். "எல்லா ஊர்லயும் நாங்கதான்" என்றார்.

சடங்கு, மருந்து, உணவு என்று மூன்றாகப் பிரித்து எழுதலாம் என்று தொடங்கினேன், முடியவில்லை. தைவான் லாரிக்காரருக்கு இது மூன்றும் இல்லை, டீ மாதிரி. ஈப்போ மலாய்க் குடும்பத்துக்குச் சடங்கு மட்டும். ஆச்சிக்கு மூன்றும்.

6 ஏப்ரல்

நல்ல செய்தி. கும்பகோணம் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. கும்பகோணத்துக்காரர்கள் ஆட வேண்டாம், எங்கள் ஆத்தூர் வெற்றிலைக்கு 2023 இலேயே வந்தாயிற்று. சோழவந்தானுக்கும் அதே வருடம்தான். மலையாளத்துத் திரூருக்கு எங்களுக்கும் முன்னால். பரமத்தி வேலூர்க்காரர்கள் இதைப் படித்தால் கொதிப்பார்கள் என்று தெரியும்.

என் தாத்தாவுக்கு ஆத்தூர்ப் பக்கம் கொடிக்கால் இருந்தது. முதலில் அகத்தியை விதைத்து வளர்த்துக்கொண்டு, அது நிழல் கொடுக்கும் பருவத்தில் அடியில் கொடியை நடுவார்கள். கொடி ஏற ஏற அகத்தியோடு சேர்த்து நாரால் கட்ட வேண்டும். உயரம் மிஞ்சிப் போனால் இறக்கி மண்ணில் சுருட்டிப் பதித்து மறுபடி ஏற்றிவிட வேண்டும். எந்நேரமும் ஈரம் வேண்டும், ஆனால் தண்ணீர் தேங்கவும் கூடாது. பறித்த இலையை எண்ணி அடுக்கிக் கவுளி கட்டுவார்கள், எங்கள் பக்கம் நூறு இலை ஒரு கவுளி. தாத்தா பார்க்காமலே எண்ணுவார், விரல் எண்ணும்.

செருப்போடு கொடிக்காலில் இறங்கவிட மாட்டார். "கோயில்லே அது" என்பார். பக்தி என்றுதான் நினைத்தேன். வெற்றிலைக்கு வரும் பெரிய நோய் வாடல், அந்தப் பூஞ்சை மண்ணில்தான் இருக்கும், தண்ணீரிலும் ஒட்டிய மண்ணிலும் பரவும். அடுத்தவன் தோட்டத்துச் சேற்றைச் செருப்பில் கொண்டுவராதே என்பதைத்தான் கோயில் என்று சொன்னாரோ என்று இப்போது தோன்றுகிறது. இது என் ஊகம். தாத்தா இருந்தால் இரண்டுக்கும் தலையாட்ட மாட்டார்.

7 ஏப்ரல்

ஆத்தூரிலிருந்து கொஞ்ச தூரத்தில் பழையகாயல். 13 ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ காயல் துறைமுகத்தைப் பற்றி எழுதியதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்த ஊர்க்காரர்கள் எப்போதும் வாயில் 'தெம்புல்' என்ற இலையை அடக்கிக்கொண்டே இருக்கிறார்கள், பெரிய மனிதர்கள் கற்பூரமும் வாசனைப் பொருளும் சுண்ணாம்பும் சேர்த்துப் போடுகிறார்கள் என்கிறார். ஒருவனைக் கேவலப்படுத்த வேண்டுமானால் அந்தச் சாற்றை முகத்தில் துப்புவார்களாம். துப்பு வாங்கியவன் நேரே ராஜாவிடம் ஓடிப் போய், அவனோடு சண்டை போட அனுமதி கேட்பானாம்.

தாம்பூலம் கொடுத்தால் உறவு, துப்பினால் கத்திச் சண்டை. ஒரே இலை.

'தாம்பூலம்' வடசொல்தான், ஆனால் அதுவே கம்போடிய, வியட்நாம் பக்கத்து மொழிகளிலிருந்து போனது என்று மொழியியலாளர் சிலர் கருதுகிறார்கள். கெமரில் 'ம்லூ', தாய் மொழியில் 'ப்லூ'. கொடியின் பூர்வீகமும் தென்கிழக்கு ஆசியா பக்கம்தான் என்கிறார்கள். எதிர்த்திசையில் போர்ச்சுகீசியர்கள் மலையாளத்து வெற்றிலையை எடுத்துக்கொண்டுபோய் 'பீட்டல்' ஆக்கினார்கள், அடைக்காயை 'அரிக்கா' ஆக்கினார்கள். அடைக்காய் நமக்கும் பழைய சொல். மதுரையில் கோவலன் கடைசியாகச் சாப்பிட்டு முடித்ததும் கண்ணகி எடுத்துக் கொடுப்பது வெற்றிலைச் சுருளும் அடைக்காயும்தான் என்கிறது சிலப்பதிகாரம். அதை வாங்கிப் போட்டுக்கொண்டுதான் சிலம்பு விற்கக் கிளம்புகிறான்.

13 ஏப்ரல்

மை போட்டுப் பார்ப்பதை யாருமே சொல்லவில்லையே! எங்கள் தெருவில் மோதிரம் காணாமல் போனபோது வெற்றிலையில் மை தடவி ஒரு சின்னப் பையனைப் பார்க்கச் சொன்னார்கள். அந்தப் பையன் நான். எனக்கு இலை நரம்பு மட்டும்தான் தெரிந்தது. எல்லோரும் சுற்றி நின்றதால் பயந்து, "மீசை வெச்ச ஒருத்தர் தெரியுதாரு" என்று சொல்லித் தொலைத்தேன். தெருவில் மீசை இல்லாத ஆணே கிடையாது. மோதிரம் அரிசிப் பானையில் கிடைத்தது. அந்த வாரம் முழுக்க மீசைக்காரர்கள் யாரும் என்னோடு பேசவில்லை.

11 மே

சென்னை வீட்டு மாடியில் வெற்றிலைக் கொடி வைத்திருக்கிறேன். நாற்றுப் பண்ணையில் தொட்டியோடு வாங்கியது, இலை இதய வடிவில் பளபளப்பாக இருக்கிறது. அகத்தி இல்லை, மூங்கில் குச்சி. ஏற மாட்டேன் என்று அடம்பிடித்துத் தொட்டிக்கு வெளியே தொங்குகிறது. தாத்தா பார்த்தால் சிரிப்பார். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

20 ஜூலை

கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார். ஆறு மாதம் கழித்து! தாத்தா பாக்கை விட்டுவிட்டாராம். மருமகள் பேச்சைக் கேட்டு அல்ல, கூட வெற்றிலை போடும் நண்பருக்கு வாயில் கட்டி வந்து அறுவை சிகிச்சை ஆனதைப் பார்த்து. இப்போது இலை, ஒரு கிராம்பு, ஓர் ஏலம், அவ்வளவுதான். ஒரு வாரம் தலைவலி, எரிச்சல், வீட்டில் யாரோடும் பேச்சில்லை என்கிறார். தலைவலி பாக்கு விட்டதாலாக இருக்கலாம். மது, நிகோடின், காஃபீனுக்கு அடுத்தபடியாக உலகத்தில் அதிகம் பேர் பழகியிருக்கும் போதைப் பொருள் பாக்குதான் என்பார்கள். எண்பது வயதில் விட்டிருக்கிறார். தாத்தாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

மருமகளிடம் ஒன்று கேட்க வேண்டும்: சுண்ணாம்பு? இலையில் சுண்ணாம்பு மட்டும் தடவிப் போட்டால் வாய் வெந்துபோகுமே. ஆச்சி அதிகமாகத் தடவிய நாளில் எனக்கு நாக்கு வெந்திருக்கிறது. மாடு முட்டவில்லை.

3 ஆகஸ்ட்

மாடிக் கொடி காய்த்திருக்கிறது! விரல் நுனி அளவில், நிமிர்ந்து நிற்கிறது. பப்புவா நியூ கினியின் டாக்கா என் வீட்டு மாடியில். கொடிக்காலில் வளர்ந்தவன், 52 வயதில்தான் வெற்றிலைக் காயைப் பார்க்கிறேன். படம் போடுகிறேன், பொறுங்கள்.

1 செப்டம்பர்

நேற்று மகளுக்கு நிச்சய தாம்பூலம். தட்டு மாற்ற ஆத்தூரிலிருந்து இரண்டு கவுளி வரவழைத்தேன். பாக்கு வைப்பதா வேண்டாமா என்று வீட்டில் ஒரு வாரம் பேச்சு, இந்தப் பக்கத்தை எல்லோரும் படித்துவிட்ட வினை. வைக்காவிட்டால் தாம்பூலம் எப்படி ஆகும் என்றாள் அம்மா. கடைசியில் உடைக்காத முழுக் கொட்டைப்பாக்கு வைத்தோம். அதை யாரும் வாயில் போட முடியாது.

எங்கள் பக்கத்தில் பெரியவராகச் சித்தப்பா உட்கார்ந்து தட்டை வாங்கினார். எல்லாம் முடிந்து பந்திக்கு எழுந்திருக்கும்போது பார்த்தேன், தட்டிலிருந்து ஓர் இலையை எடுத்து, தொடையில் இரண்டு தேய்ப்பு, காம்பு, நுனி, முதுகு நரம்பு. ஆச்சியின் அதே வரிசை. சுண்ணாம்பைத் தேடுகிற மாதிரி கை போயிற்று. அப்புறம் இலையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

2 செப்டம்பர்

மாடிக் கொடியைப் பற்றிக் கேட்டவர்களுக்கு. நிச்சயத்துக்கு வந்த அத்தை மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். ஆத்தூர் இலையைப் பக்கத்தில் வைத்து மென்றும் பார்த்தேன், சந்தேகமே இல்லை. நான் ஐந்து மாதமாக வெற்றிலை என்று தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது திப்பிலி.

மச்சானிடம் மன்னிப்புக் கேட்டாயிற்று.